ரெண்டாங்கியர் மலையேறிய நாள்

அந்த மலைப்பாதையில் ரெண்டாங்கியர் யார் என்று கேட்டால் டீக்கடைப் பூனைகூட ஆளைக் காட்டிவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையோடு சரி. ஏறினாலும் இரண்டாம் கியர், இறங்கினாலும் இரண்டாம் கியர். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கி அமுக்கி ஓய்ந்துபோய், கடைசியில் அவனும் அதே கியருக்கு இறங்கி நல்ல பிள்ளையாகப் பின்தொடர்வான். "மெதுவா போறவன் வீட்டுக்குப் போவான். வேகமா போறவனை நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க" என்பது அவருடைய சித்தாந்தம். அதைக் கேட்ட பிறகு எந்தப் பயணியும் "கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்று வாய் திறந்ததில்லை.

ஐம்பதைத் தொடுகிற வயசு. வலது கை ஜன்னல் வெயிலில் வெந்து கறுத்திருக்கும். இடது கை யாரோ பணக்காரனிடம் இரவல் வாங்கியது மாதிரி வெளுத்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே ஒத்துவராமல் போய்விட்டது. காய்கறி லாரியில் கிளீனராக ஏறி, மூட்டைகளுக்கு மேல் படுத்துத் தூங்கி, டிரைவரிடம் திட்டு வாங்கித் திட்டு வாங்கியே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். பிறகு சுற்றுலா வேன். கீழே ரயில் நிற்கிற ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை மேல் இருக்கிற பழைய நகரத்துக்குப் போவது, அங்கே தெருக்களைச் சுற்றிக் காட்டுவது, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே இடிந்த ஊரின் அடிவாரத்தில் இறக்கிவிடுவது, அவர்கள் ஏறி இறங்கி வந்ததும் திரும்ப அழைத்து வருவது. இதுதான் பிழைப்பு.

ஆளைப் பார்த்தாலே எத்தனையாவது வளைவில் வாந்தி எடுப்பார் என்று சொல்லிவிடுவார். டேஷ்போர்டில் எப்போதும் எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டிருக்கும். புதுக் கல்யாண ஜோடியைக் கடைசி சீட்டிலும், பேசிக்கொண்டே வருகிற பெரியவர்களை முன் சீட்டிலும் உட்கார வைப்பார். மலை விளிம்பில், டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லாத இடத்தில், எதிரே பஸ் வந்தால் ஒற்றைக் கையால் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கி நிற்பார். உள்ளே இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடும்போது அவர் கொட்டாவி விடுவார்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு உயரம் என்றால் குலைநடுக்கம்.

நம்புகிறவர்கள் நம்பலாம். கையில் ஸ்டியரிங் இருக்கிறவரை பாதாளமே வாய் பிளந்து நின்றாலும் அவருக்கு அது ரோட்டோரம். ஸ்டியரிங் இல்லாமல் காலை நம்பி ஓர் உயரத்தில் நிற்கச் சொன்னால் முழங்கால் இரண்டும் தனித்தனியே ராஜினாமா செய்துவிடும். வீட்டில் ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறியவர் மனைவி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கும்வரை விட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். "கழுத்துச் சுளுக்கு" என்று காரணம் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பயணிகளோடு இடிந்த ஊருக்கு ஏறிப் பார்த்தார். பாதி வழிகூட இல்லை. திரும்பிக் கீழே பார்த்தார். அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே படிப்படியாகத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தார். பேன்ட் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. சீட்டு ஸ்பிரிங் கிழித்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். தையல்காரியான அவள் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஸ்பிரிங்கு கிழிச்சா ஒரு எடத்துலதானே கிழியும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் மேலே போனதேயில்லை. போனதில்லை என்று சொன்னதும் இல்லை. அங்கேதான் விஷயம்.

மனைவி வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். மெஷின் சத்தம் ஓய்ந்த பிறகு, மர வளையத்தில் துணியை இழுத்து மாட்டி, ஊசியும் வண்ண நூலுமாக எம்பிராய்டரி வேலை செய்வாள். அது அவளுடைய ஆசைக்கான வேலை. அவர் பக்கத்தில் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு மலையைப் பற்றிச் சொல்லுவார். வாசலில் இரண்டு தூண். இடது தூணில் சிறகு விரித்த பறவை, வலது தூண் தலை உடைந்து கிடக்கும். உள்ளே போனால் வலது கைப்பக்கம் படிக்கிணறு. அதைத் தாண்டினால் இடப்பக்கம் சரிந்த மண்டபம். எல்லாம் நேரில் பார்த்து வந்தவர் மாதிரி. அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "பறவை எந்தப் பக்கம் பாக்குது?" என்பாள். "அதுவா, வெளிய. மூக்கு வெளிப்பக்கம்" என்பார் சட்டென்று. அந்த வேகத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? வேனுக்குள்ளிருந்துதான். இறங்கி வருகிற பயணிகள் வாய் மூடமாட்டார்கள். பின் சீட்டுக்காரர் முன் சீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகத் தன் போனைத் தூக்கிப் பிடிப்பார். அந்தப் படம் ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் பளிச்சென்று விழும். சுங்கச் சாவடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் ரெண்டாங்கியர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு இடிந்த ஊரைப் பார்ப்பார். இப்படியே வருசக்கணக்காக, சீட்டை விட்டு எழாமல் ஒரு மலையை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டார். நகரத்துக் கடைகளில் தொங்குகிற படங்களிலோ மலை மட்டும்தான் தெரியும், தூண் தெரியாது.

மனைவி அதையெல்லாம் துணியில் ஏற்றிக்கொண்டே வந்தாள். வாசல் வந்தது, பறவை வந்தது, கிணறு வந்தது. பெரிய வளையம், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். எல்லாம் முடிந்து உச்சி மட்டும் வெள்ளையாக நின்றது. உச்சியில் ஒரு கல் ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக என்னவோ தெரிகிறது. அது என்ன என்பதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். ஒரு நாள் ஆகாயம் என்றார். இன்னொரு நாள் மேகம் என்றார். மற்றொரு நாள் "பச்சையா ஏதோ ஒண்ணு" என்றார். பயணிகள் ஜன்னலில் தங்கள் முகத்தை வைத்துத்தான் படம் எடுப்பார்கள். பின்னால் இருப்பது தெரியாது. அவர் என்ன செய்வார் பாவம்.

"நாள் ஒண்ணுக்கு ஒண்ணு சொன்னா நான் எதைத் தைக்கிறது?" என்றாள் மனைவி. "நானே வந்து பாத்துக்கிறேன். ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க."

அவள் அதுவரை வந்ததில்லை. மெஷினை விட்டு நகர முடிந்ததில்லை. இந்த முறை அவள் தம்பியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தொங்கியபடியே டீ குடிக்கிறவன். வாயும் அந்த அளவுக்கு நீளம்.

"மாமா, சீசன் இல்லாத நேரம், வேன் சும்மாதானே நிக்குது? நாளைக்கே போவோம். மலையை நீங்க காட்டுங்க, டீயை நான் வாங்கித் தரேன்."

"டயர் சரியில்ல மாப்ள."

"நேத்துத்தானே புதுசு மாட்டினேன்னீங்க?" என்றாள் மனைவி.

"புது டயரு. அது பழகணும்ல."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய் வேனுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் கிளம்பியாயிற்று. ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் டீ. மனைவி மடியில் துணிப்பை, பைக்குள் வளையம், வளையத்துக்குள் அந்தத் துணி. மச்சினன் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் கீழே எட்டிப் பார்த்து, "நம்ம பில்டிங்கு இதைவிட உசரம்" என்று சொல்லிக்கொண்டு வந்தான். ரெண்டாங்கியர் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அடிவாரம் போனதும் என்ன சொல்லித் தப்பிப்பது என்று வளைவுக்கு ஒரு பொய்யை யோசித்து, அடுத்த வளைவில் தூக்கிப் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

முதலில் பழைய நகரம். அங்கே அவர் ராஜா. எல்லாத் தெருவும் இரண்டு பக்கமும் சுவர் வைத்த தெரு; பள்ளம் தெரியாது. வேனை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு இருவரையும் நடத்திக் கூட்டிப் போனார். கல் பாவிய சந்துகள், பக்கத்துக்குப் பக்கம் கைகொடுத்துக்கொள்ளலாம் போல எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும் மர பால்கனிகள், தெருவின் நடுவில் வாய்க்கால் வெட்டி அதில் சலசலவென்று இறங்கி ஓடுகிற தண்ணீர். சதுக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. அதன் நான்கு முகமும் நான்கு நேரம் காட்டின.

"எது சரி மாமா?"

"உனக்கு எது தோதோ அது. லேட்டா வந்தவன் கெழக்கால நின்னு பாப்பான், பசிச்சவன் மேக்கால நின்னு பாப்பான்."

மனைவி சிரித்தாள். அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. பழைய அரண்மனையின் அடிச்சுவரில் ஆள் உயரக் கற்கள், சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தவை. "இதுல ஊசி நுழையாது" என்றார். மனைவி பையிலிருந்து ஊசியை எடுத்து மூட்டில் வைத்து அழுத்தினாள். நகர்த்தி இன்னோர் இடத்தில் வைத்தாள். மச்சினன் குனிந்து வேடிக்கை பார்த்தான். ஊசி வளைந்ததே ஒழிய நுழையவில்லை.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கைதான் அவரை மேலும் கலக்கியது.

அடிவாரத்தில் டிரைவர்கள் வழக்கம்போல மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் என்று பேர் வாங்கிய டிரைவர் கையை உயர்த்தி, "என்னப்பா ரெண்டாங்கியர், குடும்பத்தோட?" என்றார். அதுதான் சாக்கென்று ரெண்டாங்கியர் அந்தப் பக்கம் ஒதுங்கப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் எத்தனை தரம் பாத்தது. வண்டியைப் பாத்துக்கிறேன்."

"வண்டி எங்க ஓடிப்போகப் போகுது? பூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி. "நீங்க சொல்லச் சொல்ல நான் பாக்கணும். அதுக்குத்தானே வந்திருக்கேன்."

முதல் படிகள் அகலமானவை. இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். அவர் கண்ணைப் படியிலேயே நட்டுக்கொண்டு ஏறினார். ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தது நடை. "என்ன மாமா, சில்லறை கெடக்குதா?" என்றான் மச்சினன். வாசலின் நிழல் படியில் விழுந்ததும், இதுதான் இடம் என்று தெரிந்துகொண்டு, தலையைத் தூக்காமலேயே கையை மட்டும் நீட்டினார்.

"இடது பக்கம் பாருங்க. பறவை."

இரண்டு பேரும் இடது பக்கம் பார்த்தார்கள். பிறகு மச்சினன் சொன்னான்: "மாமா, இடது பக்கம் ஒரு மொட்டைத் தூணுதான் நிக்குது. பறவை வலது பக்கம் இருக்கு."

"பாத்துச் சொல்லு மாப்ள."

"நான் பாத்துத்தான் சொல்றேன். நீங்கதான் பாக்காம சொல்றீங்க."

தலையைத் தூக்கினார். வலது தூணில் பறவை சிறகை விரித்து நின்றது. கல்லில் அதன் கழுத்து இறகுகூட எழும்பியிருந்தது. இத்தனை வருசம் தனக்குத் தெரிந்த பறவையா இது என்று அவருக்கே ஆச்சரியம். "திருப்பி வச்சிட்டாங்க போல" என்றார்.

மச்சினன் படியில் உட்கார்ந்து சிரித்தான். "அத்தனை பெரிய தூணை ராத்திரியோட ராத்திரியா தூக்கி மாத்தி வச்சிட்டாங்களா? எங்க கம்பெனிக்கு அந்த ஆளுங்களைக் கொஞ்சம் அனுப்புங்க."

மனைவி சிரிக்கவில்லை. வளையத்தை வெளியே எடுத்தாள். துணியில் இடது பக்கம் பறவை, வலது பக்கம் மொட்டைத் தூண். துணியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். வாசலுக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். படிக்கிணறு இடது கைப்பக்கம் இருந்தது. அப்புறம் தையல்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தாள். வளையத்தை அப்படியே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். முடிச்சும் இழையும் பிசிறுமாக இருந்தது அந்தப் பக்கம். ஆனால் பறவை வலது பக்கம் வந்துவிட்டது. கிணறு இடது பக்கம் வந்துவிட்டது. ஒன்று தவறாமல் எல்லாம் கல்லோடு பொருந்தி நின்றது.

"ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா மறதின்னு விடலாம்" என்றாள் மெதுவாக. "எல்லாமே சொல்லி வச்ச மாதிரி மாறியிருக்கு. இதை நீங்க எதுல பாத்தீங்க?"

ஒரு காகம் மொட்டைத் தூணில் வந்து உட்கார்ந்தது. அதுவும் பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

"கண்ணாடியில" என்றார் ரெண்டாங்கியர்.

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. சுங்கச் சாவடி, போன், பின் சீட்டு, பேன்ட்டின் கிழிசல் எல்லாம். மச்சினன் இரண்டாவது ரவுண்டு சிரிக்க ஆயத்தமானான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

"உசரம்னா பயம்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள் அவள். "எனக்குக் கோவம் அதுல இல்ல. அவரு பாத்துட்டாரு, நான் பாத்த மாதிரிதானேன்னு இத்தனை வருசம் மெஷினே கதின்னு உக்காந்திருந்தேன். இப்ப பாத்தா ரெண்டு பேருமே பாக்கல. அப்ப நம்ம வீட்டுல யாருதான் இந்த மலையைப் பாத்தது?"

வாசலுக்கு அப்பால் பாதை ஒடுங்கி, பாறையின் இடுப்பைச் சுற்றி மேலே போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் காற்று. அதைப் பார்த்ததுமே அவர் இரண்டு எட்டுப் பின்வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயிட்டு வாம்மா" என்றார். "நான் இங்கயே உக்காந்திருக்கேன். வந்து சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரி."

"அந்த வேலையே வேணாம். சொல்லிக் கேட்டதெல்லாம் போதும்." அவள் கொஞ்ச நேரம் அந்தப் பாதையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இதைவிட மோசமான ரோட்டுல வண்டி ஓட்டறீங்கல்ல?"

"அதுல கையில ஸ்டியரிங் இருக்கும்."

வீம்புக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவள் வளையத்தை அவர் கையில் திணித்தாள்.

"இந்தாங்க ஸ்டியரிங். ஓட்டுங்க."

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு பறவையின் பக்கம் திரும்பிக்கொண்டான். ரெண்டாங்கியர் வளையத்தைப் பார்த்தார். வழவழப்பான மரம். துணி நடுவில் இறுக்கமாக நின்றது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். சின்னதுதான். ஆனால் உள்ளங்கைக்கு ஏதோ பழகிய சமாசாரம் கிடைத்தது போல இருந்தது. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி.

"ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா மாமா?" என்றது பின்னாலிருந்து குரல்.

"வாயை மூடிட்டு வா. ஏத்தத்துல பேசக் கூடாது."

அன்றைக்கு அந்தப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. ஒரு பெரிய மனுசன் பூத்தையல் வளையத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வளைவு வந்தால் அதைத் திருப்பி, எதிரே ஆள் வந்தால் பாறையோரம் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க, இறங்கறவங்களுக்கு வழி" என்று தலையாட்டி அனுப்பிக்கொண்டு, தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். மனைவி முன்னால் போனாள். அவளுடைய குதிகாலைத்தான் அவர் முன் வண்டியாக வைத்துக்கொண்டார். இடைவெளி விட்டே தொடர்ந்தார்.

நடுவில் ஓரிடத்தில் காற்று வேகமாக அடித்தது. வளையத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?" மனைவி திரும்பாமலேயே கேட்டாள்.

"கியர் மாத்தறேன்."

"மெதுவா மாத்துங்க. பின்னால யாரும் வரல."

உண்மையாகவே பின்னால் யாரும் வரவில்லை. உயரத்தைப் பற்றிப் பத்துக் கட்டடங்களுக்குப் பேசிய லிஃப்ட் மெக்கானிக், கீழே ஒரு கல்லில் கால் இரண்டையும் பரப்பி உட்கார்ந்திருந்தான். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. பயம் இல்லை, மூச்சு. வாழ்நாளெல்லாம் பொத்தானை அமுக்கியே மேலே போனவனுக்குப் படி ஏறிப் பழக்கம் ஏது?

"மாப்ள, கரண்ட் போயிருச்சா?" என்று மேலிருந்து குரல் கொடுத்தார் ரெண்டாங்கியர். அதைச் சொன்னபோது கீழே பார்த்துவிட்டார் என்பது அவருக்கே இரண்டு அடி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

"நீங்க போங்க மாமா" என்றான் அவன், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வாங்கி. "நான் வண்டியைப் பாத்துக்கிறேன்."

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரைச் சுவர்கள், அவற்றின் மேல் புல், வெயில் காய்கிற ஓணான். ஒரு காலத்தில் கதவுகளும் அடுப்புகளும் சண்டைகளும் இருந்த அறைகள் இப்போது முழங்கால் உயரக் கட்டங்களாகக் கிடந்தன. அவற்றின் கோடியில் அந்த ஜன்னல். நான்கு கற்கள், நடுவில் வெளி. மனைவி முதலில் போய்ப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

"சொல்ல மாட்டேன். வாங்க."

வளையத்தைப் பிடித்தபடியே போனார். ஜன்னல் கல்லில் வளையத்தைச் சாய்த்து ஊன்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை மெல்லத் திறந்தார். முதலில் ஆகாயம். அதன் கீழே பச்சைச் சரிவில் மேகத்தின் நிழல். அதன் கீழே பழைய நகரம். ஓட்டுக் கூரைகள் எல்லாம் உலர்த்திப் போட்ட மிளகாய் மாதிரி சிவப்பாக, நடுவில் மணிக்கூண்டு தீப்பெட்டி அளவுக்கு. ஆக, ஆகாயம் என்றதும் மேகம் என்றதும் பச்சை என்றதும் எதுவுமே பொய்யில்லை. அப்புறம் அந்த நகரத்திலிருந்து ஒரு சாம்பல் நிற நூல் கிளம்பி, மலையைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கி, கீழே மூட்டத்துக்குள் போய் மறைந்தது.

இரண்டு கண்ணும் திறந்துவிட்டன.

"அது நம்ம ரோடு" என்றார்.

"எது?"

"அந்தா. அது சுங்கச் சாவடி வளைவு. அதுக்கு மேல தண்ணித் தொட்டி வளைவு, ரேடியேட்டருக்கு அங்கதான் ஊத்துவேன். அதுக்கு அந்தப் பக்கம் பெரிய கொண்டை ஊசி. போன மழைக்கு மண்ணு சரிஞ்சு வண்டி நின்னுச்சே, அது." அவர் கையும் வளையமும் ஒவ்வொரு வளைவுக்கும் தானாகத் திரும்பின. இந்த ரோட்டில் வாழ்க்கையையே ஓட்டியிருக்கிறார். வண்டிக்கு முன்னால் தெரிகிற அந்தக் கொஞ்சத்தைத் தவிர ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. "இவ்வளவு நீளமா இருக்கு. சும்மாவா எனக்கு இடுப்பு வலிக்குது."

பேசிக்கொண்டே ஜன்னல் கல்லில் முழங்கையை வைத்துச் சாய்ந்திருந்தார். வளையம் எப்போது அவள் கைக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. அவள் அதை அவருக்கு நினைவுபடுத்தவும் இல்லை. ஒரு சுவரில் உட்கார்ந்து, பையிலிருந்து சாம்பல் நூலை எடுத்து, ஊசியில் கோத்து, அந்த வெள்ளை இடத்தில் முதல் வளைவைப் போட்டாள்.

"இதை எந்தப் பக்கமா தைக்கிறது? மத்ததெல்லாம் மாத்தித் தைச்சு வச்சிருக்கேனே."

அவர் யோசித்தார். "ரோட்டை நேரா தை. அதை நான் கண்ணாடியில பாக்கல."

இறங்கும்போது வளையத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உச்சியில் சாய்ந்து நின்றவருக்கு இறக்கத்தில் அது தேவைப்பட்டது. அதுவும் இரண்டாம் கியர்தான். வழியில் மச்சினனையும் சேர்த்துக்கொண்டார்கள். அவன் வாய்க்கு மூச்சு திரும்பியிருந்தது, ஆனால் கேலி செய்கிற அளவுக்குத் திரும்பவில்லை.

மரத்தடியில் சீட்டாட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஹாரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "மேலயா போயிட்டு வர்றே? நீயா?"

"ஆமா. அந்தப் பறவை இருக்கே, அது வலது பக்கம் இருக்குப்பா."

சீட்டுகள் நின்றன. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "போய்யா" என்றார் ஹாரன். "எத்தனை வருசமா இந்த லைன்ல ஓடறோம். இடது பக்கம். கிணறு வலது பக்கம்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். மனைவி வளையத்தை வாங்கி அவர்களுக்கு நீட்டினாள். "இந்தா, தங்கச்சி சரியாத் தைச்சிருக்கு பாரு. இதுதான் கரெக்ட்" என்றார் ஹாரன், இடது பக்கத்துப் பறவையை விரலால் தட்டி.

ரெண்டாங்கியர் வளையத்தைத் திருப்பினார். முடிச்சும் பிசிறுமாகப் பின்பக்கம் வந்தது. "இதுதான் கரெக்ட்."

"ஒரே நூல் முடிச்சாக் கெடக்கு. இதுல என்னத்தைப் பாக்கிறது?"

"நான் பாத்துட்டு வந்தேன். நீ எப்ப மேல போன?"

ஹாரன் கையிலிருந்த சீட்டுகளை விசிறி மாதிரி விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். பக்கத்தில் இருந்தவர் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார். இன்னொருவர் எழுந்து தன் வேனுக்குப் போய், எந்தத் தேவையும் இல்லாமல் வண்டி ஹாரனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

மச்சினனுக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்ப இங்க ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

"இவரு பாத்திருக்காரு" என்றாள் அவர்களிடம். "நான் கூடவே இருந்தேன். பறவை வலது பக்கந்தான்."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹாரன் சீட்டுக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் காதில் விழாத மாதிரி ரெண்டாங்கியர் பக்கம் சாய்ந்தார்.

"அந்த எடம் எப்படிப்பா? ரொம்ப ஒடுக்கமோ?"

"ஒடுக்கந்தான்." ரெண்டாங்கியர் தொண்டையைச் செருமிக்கொண்டு வளையத்தை நீட்டினார். "இதைக் கையில பிடிச்சுக்க. நேரா பாத்து ஓட்டு. ஒண்ணும் தெரியாது."

மனைவி இடையில் கையை விட்டு வளையத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"ரோடு இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு" என்றாள். "அண்ணனை வேற ஸ்டியரிங் பாத்துக்கச் சொல்லுங்க."